விடுமுறை முகாம்: வர முடியாத பிள்ளையை வைத்துத் திட்டமிடுவது

கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடத்தலாம் என்று நாலு பேர் உட்கார்ந்தால், பேச்சு நேராக ‘என்ன சொல்லித் தரலாம்’ என்பதில் போய் நிற்கும். ஓவியம், நாடகம், அறிவியல் சோதனை என்று பட்டியல் வளரும். அது பிறகு இருக்கட்டும். முகாம் கடைசி நாள் வரை நிற்குமா, பாதியிலேயே கலையுமா என்பதை வேறொரு கேள்விதான் முடிவு செய்கிறது: இந்த ஊரில் எந்தப் பிள்ளையால் வர முடியாது, ஏன்?

பள்ளி மூடியதும் கிராமத்தில் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைத்துவிடும் என்று நினைப்பது பெரும்பாலும் தப்புக்கணக்கு. ஆடு மாடு மேய்ப்பது, தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது என்று பள்ளி நாட்களில் பாதியாக இருந்த வேலை முழுசாகக் கைக்கு வந்துவிடும். பத்து வயது தாண்டிய பெண் பிள்ளைக்குச் சமையலும் சேரும். வீட்டில் ஏற்கெனவே புத்தகமும் நேரமும் இருக்கிற பிள்ளைகளை மட்டும் கூட்டி ஒரு முகாமை அழகாக நடத்திவிடலாம். போட்டோவும் நன்றாக வரும். யாருக்காக அதைத் தொடங்கினோமோ அவர்கள் அந்த நேரத்தில் வயலில் இருப்பார்கள்.

முகாமுக்கு ஒரு மாதம் முன்பே ஊரில் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் போக வேண்டும். ஊரின் ஒரே தெருவில் பத்து வீடு பார்ப்பது உதவாது. கடைசித் தெரு, வயல் நடுவே இருக்கிற வீடு, வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கிற குடும்பம் எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாவது இருக்கட்டும். ‘விடுமுறையில் எந்த நேரம் சும்மா இருப்பாய்?’ என்று கேட்கக் கூடாது. ‘எப்பவுமே சும்மாதான்’ என்றுதான் பிள்ளை சொல்லும், பக்கத்தில் நிற்கும் பெரியவரும் தலையாட்டுவார். ‘நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தாய்?’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை மணிவாரியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாளையும் அடுக்கிப் பார்த்தால் மூன்று மணி நேர இடைவெளி ஒன்று கண்ணில் படும். பல ஊர்களில் அது காலை பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் இருக்கும். மேய்ச்சலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாலைதான் ஒத்துவரும். இரண்டையும் ஒன்றாக்க முடியாது என்றால், ஒரே முகாமை இரண்டு வேளையாகப் பிரிப்பது நல்லது. மாலை வேளையை இருட்டுவதற்கு முக்கால் மணி முன்பே முடித்தாக வேண்டும். ஒருநாள் பெண் பிள்ளைகள் இருட்டில் வீடு திரும்பினால் போதும், மறுநாள் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

விதைப்பு, அறுவடை நாட்களை ஊர்க்காரர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு தேதியைக் குறியுங்கள். விடுமுறையின் முதல் வாரத்தில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். கடைசி வாரத்தில் பள்ளிச் சாமான் வாங்குகிற அவசரம். நடுவில் பன்னிரண்டு வேலை நாட்கள், வாரத்துக்கு ஆறு என்று வைத்தால் ஒரு முழு வேலையைத் தொடங்கி முடிக்க இடம் கிடைக்கும். ஐந்து நாள் முகாமில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகுவதற்குள் நிறைவு விழா வந்துவிடுகிறது.

தூரம்

சின்னப் பிள்ளை ஒரு கிலோமீட்டர் நடக்க இருபது நிமிடம் பிடிக்கும், வெயிலில் அதற்கும் மேல். முதல் நாள் ஆர்வத்தில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வரும் பிள்ளை மூன்றாம் நாள் வராது. வண்டி ஏற்பாடு செய்வதற்கு முன் இரண்டு வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி நடைவரிசை, பிள்ளைகள் கூட்டாக நடந்து வருவது. ஊர் எல்லையிலிருந்து முகாம் வரை ஒரே பாதை, அதில் நாலைந்து நிறுத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருகிறவரைத் தாண்டி எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது, இது மாறாத விதி. நிறுத்தத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்காகப் பத்து நிமிடம் நின்றால் மறுநாள் எல்லாரும் பத்து நிமிடம் தாமதமாக வருவார்கள். சேர்ந்தவர், பிரிந்தவர் எண்ணிக்கையை ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். திரும்பும்போதும் இதே முறைதான். பலர் காலையில் ஒழுங்காக எண்ணிவிட்டு மாலையில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை வழிமாறிப் போவது பெரும்பாலும் வீடு திரும்பும்போதுதான்.

இரண்டாவது வழி, முகாமே நகர்வது. வாரத்தில் மூன்று நாள் ஓரிடம், மூன்று நாள் இன்னோரிடம். சாமான்களை இரண்டு மூடிபோட்ட பெட்டிகளுக்குள் அடக்கிவிட்டால் இது கஷ்டமில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எந்த ஊரிலும் எல்லாரும் தயக்கமில்லாமல் நுழைகிற இடம், ஒரு பகுதியினர் மட்டும் புழங்குகிற இடம் என்று இரண்டு உண்டு. இது வெளியாட்களுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். பள்ளிக் கட்டடம் பொதுவாகப் பாதுகாப்பான தேர்வு. அப்போதும் சாவி யாரிடம், கழிப்பறை பூட்டு திறக்குமா, தண்ணீர்த் தொட்டி நிரம்புமா என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். ‘எல்லாம் இருக்கிறது’ என்ற வாய்வார்த்தையை நம்பிப் போனால் முதல் நாள் காலையில் பூட்டை உடைக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

இடுப்பில் குழந்தையோடு வரும் அக்கா

பத்து முதல் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளின் வருகையைத் தீர்மானிப்பது பாடத்திட்டமல்ல, அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய தம்பி தங்கைகள்தான். ‘ஆறு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை’ என்று அறிவித்தால், அந்த அக்காக்களுக்கும் சேர்த்துக் கதவை மூடுகிறோம். ஆகவே ஒரு மூலையைக் குட்டிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். இரண்டு பெரிய பாய், மரக்கட்டைகள், துணிப்பந்து, பெரிய படங்கள் உள்ள பத்துப் புத்தகம், ஒரு வாளி மணல், அளந்து ஊற்றி விளையாடக் கிண்ணங்கள். வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் விதை, மணி, கோலி எதுவும் அங்கே இருக்கக் கூடாது. அந்த மூலைக்குத் தனியாக ஒரு பெரியவர் வேண்டும். ‘அக்காவே பார்த்துக்கொள்வாள்’ என்று விட்டால், அவள் முகாமுக்கு வந்தும் வேலைதான் பார்ப்பாள்.

எத்தனை பேரைச் சேர்ப்பது

முதலில் பெரியவர்களை எண்ணுங்கள், பிறகு பிள்ளைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. பரிந்துரைக்கும் அளவு எங்கும் பயன்படும்: 4 முதல் 8 வயது வரை ஆறு பேருக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை எட்டுப் பேருக்கு ஒருவர், 13 முதல் 18 வரை பத்துப் பேருக்கு ஒருவர். குழு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். பல வயதும் கலந்த நாற்பது பிள்ளைகள் என்றால் ஆறு பேர் குழுக்களோடு, ஒருவர் பொறுப்பாளராகக் குழு எதுவும் இல்லாமல். இந்த ஏழாவது ஆளைத்தான் எல்லாரும் மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் கூட்டிப்போக, வாசலில் வந்து நிற்கும் பெற்றோரிடம் பேச, வராத தன்னார்வலரின் குழுவைப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது, தன் வண்டியில் தனியாக ஏற்றிப்போகவும் கூடாது. தன்னார்வலர் ஒவ்வொருவரைப் பற்றியும் அவரை நன்கு அறிந்த, உறவினரல்லாத இரண்டு பேரிடம் விசாரித்துவிட வேண்டும். ‘நம்ம ஊர்ப் பையன்தானே’ என்று இதை விட்டுவிடுவது வழக்கம். தெரிந்த முகம் என்பதற்காக இதில் விதிவிலக்கு தரவே கூடாது. மனசுக்குச் சங்கடமாக ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்லலாம் என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்கு இரண்டு பேரைக் காட்டிச் சொல்லுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பிள்ளை அதைத் தனியாக நின்று படிக்க முடிகிற இடம் அதுதான். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்கிறது. 19ஆம் பிரிவு வன்முறையிலிருந்து பாதுகாப்பைச் சொல்கிறது. முகாமுக்கு இரண்டும் சேர்ந்துதான் வேண்டும்.

பதிவுத் தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெயர், வயது, வீட்டு அடையாளம், இரண்டு தொலைபேசி எண்கள், வீட்டுக்குக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்கள், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து, நீச்சல் தெரியுமா, போட்டோ எடுக்கலாமா. படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். போட்டோ வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டு எல்லாத் தன்னார்வலருக்கும் தெரியப்படுத்துங்கள்.

ஒரு நாளின் போக்கு

பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்து சேர மாட்டார்கள். ஆகவே முதல் இருபத்தைந்து நிமிடத்துக்கு எப்போது வந்தாலும் உட்கார்ந்து சேர்ந்துகொள்ளக்கூடிய வேலை இருக்க வேண்டும்: காகித மடிப்பு, புதிர்த் தாள், புத்தகம் புரட்டுவது. அப்போதே வருகைப் பதிவையும் முடித்துவிடலாம். ‘எல்லாரும் வந்ததும் ஆரம்பிக்கலாம்’ என்று காத்திருந்தால் நேரத்துக்கு வந்தவர்களைத் தண்டித்ததாகும். அதன்பின் இருபது நிமிடம் ஓடியாடும் விளையாட்டு, வெயில் ஏறுவதற்கு முன். பிறகு ஒரு மணி நேரம் வாசிப்பும் கணக்கும், நடுவில் ஐந்து நிமிட இடைவேளை. தண்ணீர், சிற்றுண்டி, கைகழுவல் எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். கைகழுவும் வரிசையை மறந்தால் இது முப்பத்தைந்து ஆகிவிடும். அதன்பின் முக்கால் மணி கைவேலையோ வெளிவேலையோ. கடைசிப் பத்து நிமிடம் தொடர்கதை வாசிப்பு. கதையைச் சுவாரசியமான இடத்தில் நிறுத்துங்கள், நாளை வரக் காரணம் கிடைக்கும். வேலைகள் தினமும் மாறலாம், இந்தச் சட்டகம் மாற வேண்டாம். அடுத்து என்ன என்று தெரிந்திருந்தால் பிள்ளைகளே நகர்ந்துவிடுவார்கள், கத்த வேண்டியதில்லை.

அந்த ஒரு மணி நேர வாசிப்பில் வகுப்பு வாரியாகப் பிரிப்பது பயனற்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை கதை படித்துவிடும். முதல் இரண்டு நாட்களில் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக மூன்று நிமிடம் உட்கார்ந்து எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று நாலு படியில் எது வரை வருகிறது என்று பார்த்து, அதன்படி குழு அமைக்க வேண்டும். 2008 கோடையில் பீகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள், பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் பயிற்சியோடு ஒரு மாத முகாம்களில் இப்படித்தான் செய்தார்கள். அந்தக் குறுகிய காலத்திலேயே பிள்ளைகளின் வாசிப்பு அளந்து காட்டும்படி முன்னேறியது. அதை ஆய்வு செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு. 2019இல் பொருளாதார நோபல் பெற்றவர்கள். நம் முகாமில் செய்யும்போது ‘டெஸ்ட்’ என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. வந்தால் மறுநாள் வராமல் போவது படிக்கத் தடுமாறும் பிள்ளைகள்தான். எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்லவும் கூடாது, மரத்தடியில் தனியாகக் கூப்பிட்டுப் பேச்சோடு பேச்சாகப் பாருங்கள். ஆறாம் நாள் மறுபடி பார்த்துக் குழுவை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கீழ்க்குழு என்ற முத்திரை ஒட்டிக்கொள்ளும்.

ஊர் வரைபடம்

கைவேலைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், ஊரிலேயே பொருள் இருக்கிற, எல்லா வயதுக்கும் பங்கு இருக்கிற ஒன்றைத்தான் நாங்கள் சொல்வோம். அப்படிப்பட்ட வேலை ஊர் வரைபடம். நாலு நாள் எடுக்கும்.

முதல் நாள் காலடியை அளப்பது. இருபது மீட்டர் கயிற்றைத் தரையில் நேராக விரித்து, ஒவ்வொரு பிள்ளையும் இயல்பான நடையில் அதன் ஓரமாக மூன்று முறை நடக்க வேண்டும். 33, 35, 34 அடிகள் வந்தால் சராசரி 34. இருபது மீட்டரை 34ஆல் வகுத்தால் ஓரடி ஏறக்குறைய 59 சென்டிமீட்டர். பிள்ளைகள் வேண்டுமென்றே நீட்டி நீட்டி நடப்பார்கள், அதனால்தான் மூன்று முறை. அன்றே திசையையும் பார்த்துவிடலாம். மதியத்தை ஒட்டி, சமமான தரையில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து நகர்ந்த நுனியில் இன்னொரு கல். முதல் கல்லிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்த கோடு மேற்கிலிருந்து கிழக்காக ஓடும்.

இரண்டாம் நாள் குழுவுக்கு ஒரு தெரு. ஒருவர் அடி எண்ணுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் படம் போடுவார், ஒருவர் வீட்டுக்காரர்களிடம் பேசுவார். பெரியவர் கூடவே நடப்பார், வாய் திறக்க வேண்டியதில்லை. எண்ணுகிறவரிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தவறும், ஆகவே ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று தாளில் ஒரு கோடு. மூன்றாம் நாள் பெரிய சார்ட் நாலை ஒட்டி வரைவது. ஊர் 800 மீட்டர் நீளம் என்றால் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர் என்ற அளவில் 80 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். முதலில் பென்சிலில் தெருக்கள் மட்டும். ஸ்கெட்ச் பேனாவை அன்று கையில் கொடுத்தால் ஒரு வீட்டை அழகாக வரைவதிலேயே பொழுது போய்விடும், தெரு கோணிவிடும். தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு குழுவின் அளவும் ஒத்துவராது. அந்தச் சண்டையை அவசரமாகத் தீர்த்து வைக்காதீர்கள். அளவு ஏன் மாறுகிறது, யாருடையதை எப்படிச் சரிபார்ப்பது என்று திரும்பப் போய் அளந்துவிட்டு வரும் அந்த அரைமணிதான் இந்த வேலையின் உயிர்.

நாலாம் நாள் வண்ணமும் குறிகளும். பெரிய பிள்ளைகளிடம் கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கே கிடைக்கிறது, எந்த மாதத்தில் வற்றும்? இருட்டில் பயமாக இருக்கும் இடம் எது? ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனியாகக் குறித்தால் இரண்டு வேறு ஊர்கள் தெரியும்.

சாமான்கள்

நாற்பது பேருக்குப் பன்னிரண்டு நாள் கணக்கில்: முனை மழுங்கிய கத்தரிக்கோல் 20, பசை டப்பா 10, கிரேயான் 12 பெட்டி, பென்சில் 100, வெள்ளைத் தாள் 500 தாள் கொண்ட கட்டு ஆறு, சார்ட் 40, பழைய செய்தித்தாள் பத்துக் கிலோ, நடுத்தரப் பந்து 4, முப்பது மீட்டர் கயிறு இரண்டு, தார்ப்பாய் இரண்டு, விசில் மூன்று. தாள் பாதியில் தீர்ந்துபோவது வாடிக்கை. காரணம், முதல் நாள் கட்டைத் திறந்து மேசையில் வைத்துவிடுவதுதான். ஆளுக்கு ஆறு தாள் என்று தினமும் எண்ணிக் குழுத் தலைவரிடம் கொடுத்தால் கடைசி நாள் வரை வரும். கத்தரிக்கோலை ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை, இரண்டு பேருக்கு ஒன்று இருந்தால் பேச்சும் நடக்கும். எண்ணித் திரும்ப வாங்க, ஒவ்வொன்றின் வடிவத்தையும் ஒரு அட்டையில் வரைந்து அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். காலி வடிவம் உடனே கண்ணில் படும். மின்சாரத்தை நம்பி எந்தப் பகுதியையும் அமைக்காதீர்கள். மழை வந்தால் செய்ய இரண்டு நாளுக்கான உள்வேலை தனிப் பையில் தயாராக இருக்கட்டும்.

தண்ணீர், வெயில், மின்னல், குளம்

பகல் பள்ளிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், குடிக்கவும் கைகழுவவும் சேர்த்து. கழிப்பறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதாக இருந்தால் அது தனிக் கணக்கு. அதே வழிகாட்டி 25 பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை என்கிறது. கழிப்பறையில் மூடி போட்ட வாளியும் மாதவிடாய் அணையாடைகளும் இல்லையென்றால் பெரிய பெண் பிள்ளைகள் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். குடிநீர் நன்றாகக் கொதி வந்த பிறகு இன்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். குழாய் இல்லாத இடத்தில் ஐந்து லிட்டர் கேனில் சின்னத் துளை போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, கீழே கால்மிதிக் கட்டை கட்டினால், மிதிக்கும்போது கேன் சாய்ந்து கையில் நீர் விழும். சோப்பைப் பக்கத்தில் கயிற்றில் கட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே மண்ணுக்குள் போய்விடும்.

வெயிலில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடலில் ஈரத்துணி போட்டு விசிறி, தண்ணீர் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்துக்கொண்டே உடனடியாக மருத்துவமனை. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்தாவது கையில் இருக்கட்டும். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு கூடினால் ஆபத்து, ஆகவே கண் அளவு கூடாது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குள் என்றால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே உறுதியான கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் மைதானம். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அது எந்த மருத்துவமனை என்பதை முகாம் தொடங்கும் முன்பே விசாரித்து எழுதி ஒட்டியிருக்க வேண்டும், வண்டி ஓட்டுபவரின் எண்ணோடு.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து நீர்நிலைதான். முகாம் இடத்துக்கு அரைக் கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கிணறு, குளம், குட்டை, வாய்க்கால் ஒவ்வொன்றையும் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முகாம் முடிந்த உற்சாகத்தில் பிள்ளைகள் கூட்டமாகப் போய்க் குதிக்கும் இடம் அதுதான். கூட்டம் சேர்த்தது நாம் என்பதால் பொறுப்பும் நமக்குத்தான். நடைவரிசை இதற்காகவும் வேண்டும். மூழ்குகிறவரைக் காப்பாற்ற நீரில் குதிக்காமல் கயிறு, கம்பு, மூடிய காலிக் கேன் எறிவதைப் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் தரையிலேயே பழக்கலாம்.

பதினைந்து வயதுக்கு மேல்

இளைஞர்களைச் சின்னப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்தால் இரண்டாம் நாள் காணாமல் போவார்கள். முழுநேரமும் உதவியாளராக வைத்துக்கொள்வதும் நியாயமில்லை, அது சம்பளமில்லாத வேலை. ஒன்றரை மணி நேரம் குழுவில் உதவி, ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கே உரிய கற்றல் என்று பிரிக்கலாம். கையில் நிற்கிற திறனாக இருந்தால் விடாமல் வருவார்கள். விண்ணப்பம் நிரப்புவது, வங்கிக் கணக்கைப் புரிந்துகொள்வது, கூகுள் ஷீட்டில் வரவு செலவு எழுதுவது, சைக்கிள் பழுதுபார்ப்பது.

சைக்கிளை எடுத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு ஒரு பழைய சைக்கிள், டயர் கழற்ற மூன்று லீவர், ஒரு பம்ப், உப்புத்தாள், ரப்பர் சொல்யூஷன், ஒட்டுத்துண்டு இருபது, அகலத் தட்டில் தண்ணீர். சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு விளிம்பை மட்டும் லீவரால் எடுத்து, டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டை. அதைக் குறித்துத் துடைத்து, ஒட்டுத்துண்டைவிடச் சற்றே பெரிதாக உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிசாகச் சொல்யூஷன் தடவி ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். ஈரமாக இருக்கும்போதே துண்டை வைத்துவிடுவார்கள், அது பிடிக்காமல் மறுநாளே காற்று இறங்கும். விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே வைத்து அழுத்த வேண்டும். டயரின் உட்புறத்தை ஒருமுறை கையால் தடவிப் பார்க்காமல் மாட்டினால், ஓட்டை போட்ட முள் அங்கேயே இருந்து மறுபடி குத்தும். துணியைச் சுற்றிக்கொண்டு தடவச் சொல்லுங்கள், முள் கையில் ஏறாது. ஊரில் சைக்கிள் பழுதுபார்க்கிறவர் இருந்தால் அவரையே கற்றுத்தர அழைத்து, அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். வெளியூர் ஆளைவிட அவர் முகாம் முடிந்த பிறகும் பக்கத்தில் இருப்பார்.

நாலாம் நாள்

முதல் நாள் பெயர் கொடுத்ததைவிட அதிகம் பேர் வருவார்கள். நாலாம், ஐந்தாம் நாள் குறையும். இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே ஒருவர் போக வேண்டும், அடையாளம் தெரிந்த குழுத் தலைவர் போனால் நல்லது. ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டால் பெற்றோருக்கு விசாரணை மாதிரி இருக்கும். ‘உங்கள் பிள்ளை வரைந்த தெரு பாதியில் நிற்கிறது, நாளைக்கு வருமா?’ என்று கேட்டுப் பாருங்கள். காரணம் தானாக வெளிவரும்: செருப்பு இல்லை, தம்பிக்குக் காய்ச்சல், யாரோ கேலி செய்தார்கள், வயலில் ஆள் குறைவு. கேலி என்றால் மறுநாளே அந்தக் குழுவோடு உட்கார்ந்து பேச வேண்டும். வயல் வேலை என்றால் மூன்று நாள் கழித்து வரலாம், இடம் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நாள் தவறியவரைச் சேர்க்க மாட்டோம் என்ற விதியால் விலக்கப்படுகிறவர்கள் எப்போதும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளே.

பரிசுப் போட்டிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நாற்பது பேரில் மூன்று பேர் மகிழ்ச்சியாகவும் முப்பத்தேழு பேர் தோற்றவர்களாகவும் வீட்டுக்குப் போக ஒரு முகாம் எதற்கு? நிறைவு நாள் நிகழ்ச்சியும் கவனமாகச் செய்ய வேண்டிய ஒன்று. மேடை நடனத்துக்கு ஒத்திகை தொடங்கினால் கடைசி நாலு நாள் முழுவதும் அதற்கே போய்விடும், ஆடத் தெரிந்த ஏழெட்டுப் பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பதிலாக ஒரு மணி நேரத் திறந்த கண்காட்சி வையுங்கள். பெற்றோர் வேலை முடித்து வரக்கூடிய நேரத்தில் வரைபடத்தையும் கைவேலைகளையும் சுவரில் மாட்டி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேலையின் பக்கத்தில் நின்று விளக்கட்டும். பேச்சாளர் வேண்டாம். விருந்தினர் தாமதமாக வந்தால் பிள்ளைகள் வெயிலில் காத்திருக்க நேரும்.

முடிந்த பிறகு செய்ய வேண்டியது மூன்று. வாசிப்பு நிலை எழுதிய குறிப்பைப் பெற்றோர் சம்மதத்தோடு பள்ளி ஆசிரியரிடம் கொடுப்பது. புத்தகப் பெட்டியை ஊரிலேயே ஒரு இளைஞர், ஒரு தாய் என இரண்டு பேர் பொறுப்பில் விட்டு, எடுப்பவர் பெயரெழுத ஒரு நோட்டு வைப்பது. பள்ளி திறந்த மூன்றாம் வாரம் மறுபடி போய் அந்த நோட்டைப் பார்ப்பது. எழுதாமல் எடுத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை. பெட்டி பூட்டியபடியே இருந்தால் சாவியை இன்னும் எளிதாகக் கேட்கக்கூடிய வீட்டுக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.